லீனா ஆற்றுக்கு நான் செய்த திருத்தம்

1. ஒரே பக்கம், மூன்று முறை

சேஷாத்ரி சார் அச்சான தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சிங்காரம், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரூஃப் எங்கே இருக்கு?"

கையெழுத்தான புரூஃபை அச்சுக்கூடத்தில் ஆணியில் குத்தி வைப்போம். எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் எழுதியது வேறு, அச்சானது வேறு. அந்த வேறு என்னுடைய கைவேலை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ராவுத்தர் முதலாளியின் அச்சுக்கூடம். நான் அங்கே தலைமைக் கம்பாசிட்டர், எழுத்துக் கோப்பவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்ததுதான். ஜாதகப் புத்தகம் கோத்தால் கொஞ்சம் ஜோசியம் வரும், வைத்தியப் புத்தகம் கோத்தால் கொஞ்சம் வைத்தியம் வரும். அப்படி எனக்குக் கொஞ்சம் பூகோளமும் வந்தது. அந்தக் கொஞ்சம்தான் ஆளைக் கவிழ்த்தது. இப்போது அச்சுத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவைக்கலாம் என்று எழுதுகிறேன்.

2. சார் கொண்டுவந்த தேசம்

சேஷாத்ரி சார் ஸ்ரீரங்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். பூகோளத்தைத் தமிழிலேயே நடத்த ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் நல்ல புத்தகம் இல்லை. சார் தாமே ஒன்று எழுதினார். ஆசியாவின் வடபாதியைப் பற்றி. அதில் பெரிய அத்தியாயம் சைபீரியாவில் லீனா ஆற்றங்கரையில் இருக்கும் யாகூத் தேசம். கல்லூரி நூலகத்தில் பழைய பயணப் புத்தகங்களைப் பல வருஷம் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்திருந்தார். "நான் மாயவரம் தாண்டினதில்லை. ஆனா லீனாவில் எந்த வளைவில் எந்த ஊர்னு கேளும், சொல்றேன்" என்பார்.

அடுத்த கோடையில் அவருக்கு ஓய்வு. அதற்குள் பாடப்புத்தகக் கமிட்டியின் அங்கீகாரம் கிடைத்தால்தான் பள்ளிக்கூடங்களில் புத்தகம் நுழையும். கமிட்டி கூடுகிற நாள் நெருங்கிவிட்டது. யுத்தத்தால் காகிதம் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காகிதம் ஐந்நூறு பிரதிக்குச் சரியாக இருந்தது. ஒரு ரீம் கூடுதலாகக் கேட்டால் சிரிப்பார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. விசேஷமாக எதையாவது கோத்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். அவர்கள் சொல்வதை வேஸ்ட் காகிதத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வேன். அந்த அத்தியாயம் கோத்த பதினைந்து நாளும் அச்சுக்கூடத்தில் ஒரே கொண்டாட்டம்.

அந்தத் தேசத்தில் குளிர்காலத்தில் பாலைத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கல்லாகச் சந்தையில் அடுக்கி விற்பார்கள் என்று சார் எழுதியிருந்தார். எங்களுக்குப் பால் ஊற்றும் தனபாக்கியத்திடம் படித்தேன்.

"கல்லாவா விக்கிறாங்க?"

"ஆமாம். சாக்குல போட்டு எடுத்துட்டுப் போவாங்களாம்."

"அப்ப அவங்க ரொம்ப யோக்கியமான சனங்கதான்" என்றாள். "கல்லுக்குள்ள எப்பிடித் தண்ணி சேர்ப்பாங்க?"

"உறையறதுக்கு முன்னாடி சேர்த்துடலாமே?"

"அட, பொழைக்கத் தெரிஞ்ச ஊருதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து வைப்பார்கள் என்று வந்தது. மெஷின்மேன் அந்தோணி எண்ணெய்க் கையோடு நின்று கேட்டுவிட்டு, "வெயில் காலம் வந்தா ஜன்னல் அழுதுக்கிட்டே போயிடுமே" என்றான். குடிக்கத் தண்ணீருக்கும் அதே கதை. நிலம் ஆழம்வரை உறைந்து கிடப்பதால் கிணறு வெட்ட முடியாது. ஆற்றில் பாளம் பாளமாகப் பனியை வெட்டிவந்து வாசலில் அடுக்கி, வேண்டியபோது ஒன்றை உருக்கிக்கொள்வார்கள். "வெறகு மாதிரி தண்ணிய அடுக்குறானுங்க" என்றான் அந்தோணி. அதையும் குறித்துக்கொண்டேன்.

யாகூத்துகளின் குதிரை குட்டையாக, உடம்பெல்லாம் மயிராக இருக்கும். பனிக்கு அடியில் கிடக்கும் புல்லைக் குளம்பால் தோண்டித் தின்னும். இதற்கு ராவுத்தர் முதலாளி சொன்னது: "நம்ம ஜட்கா குதிரை மூஞ்சிக்கு நேரா புல்லுக்கட்டை நீட்டினாலே சலிச்சுக்குது. அதுல ரெண்டை இங்க கொண்டாந்தா போதும்."

எனக்கு மிகவும் பிடித்தது வீட்டுச் சங்கதி. மரத்தை நட்டுச் சுவராக்கி, அதன்மேல் களிமண்ணும் மாட்டுச் சாணமும் சேர்த்துப் பூசுவார்கள். உலகத்தின் அந்தக் கோடியில், எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறையும் என்கிற ஊரில், ஒருத்தி சாணியைப் பிசைந்து சுவர் பூசிக்கொண்டிருக்கிறாள். பாலக்கரையில் என் வீட்டிலும் அதே காரியம் நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து யாகூத்துகள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

இன்னும் நிறைய இருந்தது. கீரி மாதிரியான ஒரு பிராணியின் ரோமத்துக்காகக் காட்டில் மாதக்கணக்கில் அலையும் வேட்டைக்காரர்கள். ஓடைமணலில் தங்கம் அரிப்பவர்கள். இன்னும் வடக்கே போனால் கலைமானை ஓட்டிக்கொண்டு கூடாரத்தோடு நகரும் வேறொரு ஜனம். யானையே இல்லாத அந்த மண்ணுக்கடியில் ஆதிகாலத்து யானையின் தந்தம் கிடைப்பதும், அதைச் சீவிச் சீப்பு செய்வதும். ரயில் அந்தப் பக்கம் போகாததால் கோடையில் ஆற்றில் படகு, குளிர்காலத்தில் அதே ஆற்றின் மேல் சறுக்கு வண்டி. ஆறுதான் அவர்களுக்கு ரஸ்தா, சந்தை, கிணறு எல்லாம்.

3. திருத்தம்

சார் கடைசி புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தொழிலில் அதற்குப் பிரிண்ட் ஆர்டர் என்று பெயர். அதற்குப் பிறகு உடைந்த எழுத்தை மாற்றலாம், சாய்ந்ததை நிமிர்த்தலாம். வேறெதையும் தொடக் கூடாது.

எனக்கோ பிழை பிடிப்பவன் என்று ஊரில் பெயர். ஒரு வைத்தியர் புத்தகத்தில் மருந்தின் அளவு தவறியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் என் வீடு தேடிவந்து ஒரு தார் வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பழம் தீர்ந்து போனது, கர்வம் தீரவில்லை.

கோத்த பக்கங்களைச் சட்டத்தில் முடுக்கிய பாரத்தை மெஷினுக்கு ஏற்றுமுன் கடைசியாக ஒரு தடவை படித்தேன். அத்தியாயத்தின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

*லீனாவின் தலைப்பு தெற்கே, வாய் வடக்கே. கோடை தொடங்கும்போது தலைப்பில் பனிக்கட்டி முதலில் உருகும். வாய் இன்னும் உறைந்தே கிடக்கும். போக வழியற்ற வெள்ளம் கரையேறும். ஆற்றோரத்து மக்கள் மாடு கன்றுகளுடன் மேட்டுக்குப் போவர்.*

சார் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். ஆறு பிறக்கிற தலைப்பு என்றால் மலை. மலை என்றால் குளிர். வாய் என்றால் கடற்கரை. கடற்கரை என்றால் வெக்கை. குடகு குளிரும், பூம்புகார் வேர்க்கும். காவிரிக்கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்படியிருக்கத் தலைப்பில் எப்படிப் பனி முதலில் உருகும்?

ஸ்ரீரங்கத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம். பாலம் தாண்டினால் சார் வீடு. ஆனால் அந்தோணி மெஷினைத் துடைத்துத் தயாராக நின்றான். சார் கமிட்டி முன்னால் தலைகுனியக் கூடாது என்று எனக்கு உண்மையான கவலை. எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை எடுத்தேன். வாயில் பனி முதலில் உருகும், தலைப்பு உறைந்தே கிடக்கும் என்று மாற்றினேன். அப்படியானால் வெள்ளம் ஏன் கரையேற வேண்டும்? அதையும் விடாமல், "நீர் தடையின்றிக் கடல் சேரும், மக்கள் அச்சமின்றி வாழ்வர்" என்று கோத்து வரியை நிரப்பினேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

ஐந்நூறு தாளும் அச்சாகின. மறுநாள் எழுத்தையெல்லாம் பிரித்து அறைப்பெட்டியான கேஸில் போட்டுவிட்டோம். மூன்றாம் நாள்தான் சார் வந்தார்.

4. வடக்கே போகப் போக

சார் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏன் மாத்தினீர்?" என்று மட்டும் கேட்டார். குடகு, பூம்புகார் எல்லாம் சொன்னேன்.

"சரி. நம்மூர்லேர்ந்து வடக்கே போனா என்ன ஆகும்?"

"வடக்கே போனாலும் வேர்க்கும், தெற்கே போனாலும் வேர்க்கும் சார்."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றவர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

"இன்னும் வடக்கே. இமயமலையையும் தாண்டி."

"குளிரும்."

"அதையும் தாண்டி, தாண்டி?"

என் கண் முன்னால் அந்த ஆறு முதல் முறையாகத் திரும்பியது. அதுவரை லீனா என் மனசில் காவிரி மாதிரி இடமிருந்து வலமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது குளிரை நோக்கி ஓடுகிற ஆறு. தலைப்புப் பக்கம் வெயில் வந்து தண்ணீர் கிளம்பிவிடும். வாய்ப்பக்கம் கல்லாக மூடிக் கிடக்கும்.

"சார்" என்றேன், "முக்கொம்புல மேலேர்ந்து வெள்ளத்தை விட்டுட்டு, கீழ கொள்ளிடத்தைக் கடலோரமா அடைச்சு வெச்சாப்ல."

"அடைச்சா?"

"ஸ்ரீரங்கம் முங்கிடும்."

"அதைத்தான் ஓய் நான் எழுதியிருந்தேன்" என்றார் சார். "மக்கள் அச்சமின்றி வாழ்வர்னு போட்டிருக்கீர். வருஷா வருஷம் வீட்டை விட்டுட்டு மாட்டை ஓட்டிண்டு மேட்டுக்கு ஓடறா. கமிட்டியில் பூகோளம் தெரிஞ்சவா ஒருத்தர் இருந்தாலும் போதும், இந்தப் பக்கத்தோட புஸ்தகத்தை மூடிடுவா."

5. வெற்றுத்தாள்

மறுபடி அச்சடிக்கக் காகிதம் இல்லை. கமிட்டிக்குப் போகிற பார்சல் ரயிலேற ஐந்து நாள்தான் இருந்தது. பிழைதிருத்தம் என்று தனியாக ஒரு சீட்டு வைக்கலாமா என்றார் முதலாளி. "அதைத்தான் முதல்ல படிப்பா" என்றார் சார்.

"சிங்காரம், உன்னை மெச்சி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார் முதலாளி. "என் வாயிலதான் முதல்ல பனி உறைஞ்சிருக்கணும்."

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். போயிருப்பேன். ஆனால் போனால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். அச்சான தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பாரத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தாள் வெறுமையாக இருந்தது. அதில் அச்சுக்கூடத்தின் விளம்பரம் போடுவதாக முதலாளிக்கு ஆசை. பூவேலை பார்டர்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

"இந்தத் தாளை வெட்டிக்கலாம் முதலாளி. அதே காகிதம். கடைசிப் பத்தியை மறுபடி கோத்து, அந்த அளவுக்குச் சீட்டா அடிச்சு, தப்பு மேல ஒட்டிடலாம். நிறம் வித்தியாசம் தெரியாது."

முதலாளி பார்டரை ஒரு தடவை பார்த்தார். "என் விளம்பரம்தான் நீ பண்ணி முடிச்சிட்டியே. வெட்டு" என்றார்.

பத்திக்குக் கீழே பக்கத்தின் அடிவரை நாலு வரி இடம் காலியாக இருந்தது. சீட்டு அதுவரை போனால்தான் விளிம்பு தெரியாது. அந்த நாலு வரியில் என்ன போடுவது என்று கேட்டேன். சார்தான் சொன்னார்.

"கொள்ளிடத்தைப் பத்தி ஒண்ணு சொன்னீரே, அதைப் போடும்."

"அது என் பேச்சு சார். புத்தகத்துல எப்படி?"

"நாப்பது வருஷமா இதை வகுப்பில் கரடியா கத்தறேன். ஒருத்தனுக்கும் நீர் சொன்ன மாதிரி நான் சொன்னதில்லை. போடும்."

அதையும் கோத்தேன். *முக்கொம்பில் வெள்ளம் வரும்போது கொள்ளிடம் கடலோரத்தில் அடைபட்டிருந்தால் ஸ்ரீரங்கம் என்னவாகும்? லீனாக்கரை ஊர்களுக்கு ஆண்டுதோறும் அந்தக் கவலை உண்டு.* இந்த முறை புரூஃபை நானே பாலம் தாண்டி எடுத்துப்போய், அவர் கையெழுத்துப் போடும்வரை நின்று வாங்கிவந்தேன்.

டிரெடில் என்ற சின்ன மிதி மெஷினில் சீட்டு அடித்தோம். கஞ்சிப் பசையில் பூச்சி வராமலிருக்கத் துத்தம் கலந்தோம். பசை கூடினால் சீட்டு சுருளும், குறைந்தால் முனை எழும்பும். விரல் நுனியால் பட்டும் படாமலும் தடவ வேண்டும். ஒட்டியதைப் பாரம் கட்டும் கல்லை ஏற்றி அழுத்தி வைத்தோம். சார் பள்ளிக்கூடம் முடிந்து தினமும் வந்து எங்களோடு சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒட்டினார். முதல் நாள் அவர் ஒட்டிய இருபது சீட்டும் கோணல். அந்தோணி அவற்றை உரித்து மறுபடி ஒட்டினான். "சாருக்கு ஆறு நேரா ஓடுது, சீட்டு ஓட மாட்டேங்குது" என்றான். அன்றைக்குத்தான் சார் முதல் முறையாகச் சிரித்தார்.

நாலாம் நாள் வேலை முடிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒட்டியது தெரியாது. அப்படியே அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. சார் ஒப்புக்கொள்ளவில்லை.

"மறைச்சு அனுப்பினா நன்னா இருக்காது. கடிதத்தில் சொல்லிடறேன்."

"தப்பு என்னுதுன்னு என் பேரைப் போட்டுடுங்க சார்" என்றேன்.

சார் எழுதியதை அங்கேயே படித்துக் காட்டினார். கடைசிப் பத்தி ஒட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அவர் எழுதிய காரணம் ஒரே வரி: "நூலின் முதல் வாசகருக்கு எழுந்த ஓர் ஐயத்தால் இத்திருத்தம் நேர்ந்தது."

கம்பாசிட்டர் என்று எழுதவில்லை. வாசகர் என்று எழுதினார். நான் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

6. கேள்வி

கமிட்டி அங்கீகாரம் கொடுத்தது. அடுத்த பதிப்பை ஒட்டாமல் அச்சிடவும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஓய்வு பெறும் முன் கடைசி மாதங்களில் சார் தம் புத்தகத்தை வைத்தே பாடம் நடத்தினார்.

ஒருநாள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"சிங்காரம், ஒரு சமாச்சாரம். பசங்க எல்லாரும் அந்தச் சீட்டை நகத்தால் உரிச்சுட்டான்கள்."

"பசை சரியில்லையா சார்?"

"பசை நன்னாத்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம பசங்களால இருக்க முடியுமா? ஒருத்தன் உரிச்சான், வகுப்பே உரிச்சுது. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. எது சரின்னு ரெண்டு நாள் சண்டை. பரீட்சையில் கேட்டேன், அந்த ஒரு கேள்விக்கு அத்தனை பேரும் சரியா எழுதியிருக்கான்."

யுத்தம் முடிந்து காகிதம் தாராளமாகக் கிடைத்தபோது இரண்டாம் பதிப்பு வந்தது. சார் அப்போது ஓய்வில் இருந்தார். பாலம் தாண்டி நடந்தே வந்து கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். "கடைசிப் பத்தியில் ஒட்டு வேலை இல்லை, பயப்படாதீர். அத்தியாயத்தின் முடிவில் கேள்விகள் சேர்த்திருக்கேன்" என்றார்.

அவர் போனபின் உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தேன். ரோமம், தங்கம், கலைமான், உறைந்த நிலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி இருந்தது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் கோத்தேன். பிழை என்று தோன்றிய இடங்கள் நிறைய வந்தன. பாதி உண்மையிலேயே பிழை. மீதி, எனக்குத் தெரியாத ஆறுகள். எது எது என்று நானாகத் தீர்மானித்ததில்லை. புரூஃபின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவரிடம் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்தக் கடைசிக் கேள்வியை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கோத்தேன்:

*லீனா ஆற்றின் வாயில்தான் பனி முதலில் உருகும் என்று ஒருவர் சொல்கிறார். அவர் எந்த ஆற்றங்கரையில் பிறந்தவராக இருப்பார்? காரணம் கூறுக.*